பால் மறக்கடிக்கும் பகல்

கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளை ராக்கெட் ஒன்று நின்றது. ஆவுடைச்செல்வி அதைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்த தன் மாராப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நனையவில்லை. இன்னும் நனையவில்லை. காலையில் இரண்டு பக்கமும் பழைய பனியன் துணியை மடித்து வைத்து, மேலே ரவிக்கை போட்டு, முந்தியைச் சுற்றி இழுத்து இடுப்பில் செருகித்தான் வந்திருந்தாள். ஆனாலும் நம்ப முடியாது. அது அவள் பேச்சைக் கேட்கிற சாமானா என்ன? பஸ்ஸில் யார் பிள்ளையோ சிணுங்கினால்கூட இங்கே சுரீரென்று இறங்கும். தன் பிள்ளையா அடுத்தவள் பிள்ளையா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் விட்ட மூச்சில் கண்ணாடி புகைந்து ராக்கெட்டும் மறைந்தது, மாராப்பும் மறைந்தது. "தொடாதீங்க, தொடாம பாருங்க" என்றாள் நீலக் கோட்டுப் போட்ட பெண். ஊருக்கு வெளியே பழைய கட்டடம் ஒன்றில் மூன்று அறைகளும் ஒரு முற்றமுமாக இருந்த அந்த விண்வெளி மியூசியத்தில் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல அவள் ஒருத்திதான் இருந்தாள். காலேஜ் முடித்த பிள்ளையாக இருக்கும். ஒப்பிக்கிற குரல். கோட்டுப் பித்தான் அவளுக்கு எவ்வளவு லேசாக மூடுகிறது என்று ஆவுடை பார்த்தாள், பார்த்ததற்கு வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மணி என்ன இருக்கும்? சின்னவன் ராசா இந்நேரம் தூங்கி முழித்திருப்பான். முழித்தாலும் உடனே கண்ணைத் திறக்க மாட்டான். மூடிய கண்ணோடு கையால் பாயைத் தடவுவான். அந்தக் கை இப்போது தடவிக்கொண்டிருக்கும். பாய்தான் இருக்கும் அங்கே. பாய்க்கு அந்தப் பக்கம் தரை.

பால்குடி மறக்கடிக்கிற அன்றைக்குத் தாய் பிள்ளையின் கண்ணில் படக்கூடாது, அவள் வாடை பிள்ளையின் மூக்குக்கும் எட்டக்கூடாது என்று சொன்னது பிரமு மதினிதான். மதினி ஆவுடையின் புருஷன் நயினாருக்கு அக்கா. பிள்ளை இல்லையென்று கட்டினவன் கொண்டுவந்து விட்டதிலிருந்து தம்பி வீட்டோடு இருக்கிறாள். "எங்கயாவது போயிரு. வீட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிடலாம்னு நெனைக்காத, சுவத்துக்கு அந்தப் பக்கம் நீ நின்னாலும் அவனுக்குத் தெரிஞ்சுரும். வெளக்கு வச்ச பொறவு வா" என்றாள். எங்கே போவது? அம்மா வீடு தூரம். கோவிலுக்குப் போய்ப் பகல் முழுக்க உட்கார்ந்தால் பூசாரியே கேட்பார். அப்போதுதான் பெரியவள் கோமதிஸ்ரீயின் பள்ளிக்கூடத்தில், மியூசியத்துக்குக் கூட்டிப்போகிற அன்றைக்குப் பொம்பளைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் துணைக்கு ஒரு அம்மா வேண்டும் என்று வயலட் டீச்சர் கேட்டார்கள். யாரிடமும் நின்று நாலு வார்த்தை பேசாத ஆவுடை, வாசல் பக்கம் கடைசியில் நின்றவள், கையைத் தூக்கிவிட்டாள். தூக்கின கையைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இன்றைக்கு விடியற்காலம் மதினி கத்தாழை மடலைக் கீறிக்கொண்டு வந்தாள். கசப்பு மஞ்சளாகச் சொட்டியது. மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, ஆவுடைதான் தன் கையால் மாரில் தேய்த்துக்கொண்டாள். ராசா வந்து வாயை வைத்தான். எடுத்தான். அழுவான் என்றுதான் நினைத்தாள். அவன் அழவில்லை. அம்மா என்னமோ விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்து அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். பிறகு தன் சின்னக் கையால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டான். சோற்றில் விழுந்த முடியை எடுத்துப் போடுவது மாதிரி, தப்பு வேறு எங்கேயோ இருக்கிறது, அம்மாவிடம் இல்லை என்பது மாதிரி. துடைத்துவிட்டு மறுபடியும் வந்தான்.

"எம்மா, நீ பாக்கவே மாட்டேங்க" என்று கோமதிஸ்ரீ முந்தியை இழுத்தாள். "பாத்துக்கிட்டுதானட்டி இருக்கேன்" என்றாள் ஆவுடை. இழுத்த முந்தியை அவசரமாகச் சரி செய்தாள். நீலக் கோட்டுப் பெண் ஒரு பித்தானை அமுக்கினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது, ராக்கெட்டின் அடிப்பாகம் டக்கென்று கழன்று கீழே சாய்ந்தது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். "இதுதான் முதல் அடுக்கு. எரிபொருள் தீர்ந்ததும் பிரிஞ்சிடும். பாரத்தைக் கழட்டி விட்டாதான் ராக்கெட் மேல போக முடியும்" என்றாள் அந்தப் பெண். மறுபடி அமுக்கினாள், அடுத்த அடுக்கு கழன்றது. பாரத்தைக் கழற்றி விட்டால். ஆவுடைக்குக் காதுக்குள் வெயில் அடித்தது மாதிரி இருந்தது. பாரம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லவில்லையே தவிர நினைக்காமல் இருந்தாளா? தையல் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு நாள், ஒரே ஒரு நாள், மெஷினில் உட்கார்ந்து தைத்துக் காட்டிவிட்டு வந்தாள். சட்டைக் காலர். துணியைக் கொடுத்தால் மெஷின் இழுத்துக்கொண்டு போகிறது, கை அது பின்னாலேயே போகிறது. கோணல் இல்லாமல் ஒரு கோடு விழுகிறது. மேஸ்திரி அம்மா குனிந்து பார்த்து, "கை நல்லா ஓடுதே உனக்கு" என்றாள். எட்டாம் வகுப்போடு நின்றவளிடம் அதற்கு முன்னால் யாரும் எதையும் நல்லா வருது என்று சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. அன்றைக்குத் திரும்பி வரும்போது வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் ஒன்றும் இல்லாமல், இரண்டு கையையும் சும்மா வைத்துக்கொண்டு வந்தாள். அந்தச் சும்மா கிடந்த கைதான் இதற்கெல்லாம் காரணம். நயினார் போகச் சொல்லவில்லை. "பால்குடிப் பிள்ளைய வச்சுக்கிட்டு என்னத்துக்கு? உனக்கு ஆசைன்னா போ. மறக்கடிச்சுட்டுப் போ" என்றுதான் சொன்னான். மதினியும் போகச் சொல்லவில்லை. "நீதான கேட்ட?" என்றுதான் கத்தாழையை நீட்டினாள். யாராவது ஒருத்தர், பெரிய கஷ்டம், நீ போனால்தான் அடுப்பெரியும் என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கக்கூடாதா? அப்படித் தள்ளியிருந்தால் அழுதுகொண்டு போகலாம். திங்கட்கிழமை கம்பெனி வேன் வருகிறது. அவளே கேட்டு, அவளே தேய்த்து, அவளே ஏறப் போகிறாள்.

அந்தக் கழன்றது எங்கே போகும்? அதைக் கேட்க வேண்டும் போல இருந்தது. இவ்வளவு பேருக்கு முன்னால் எப்படிக் கேட்பது? பிள்ளைகள் அடுத்த அறைக்கு ஓடி, அவளும் நீலக் கோட்டும் மட்டும் கதவுப் பக்கம் நின்றபோது, "அது… கீழ விழுந்தது என்ன ஆவும்?" என்று கேட்டுவிட்டாள். "எது அக்கா?" "அந்த மொத அடுக்கு." "ஓ, அதுவா? கடல்ல விழுந்துரும்க்கா. அதோட வேலை முடிஞ்சிருச்சில்ல." "யாரும் போய்த் தேட மாட்டாங்களா?" அந்தப் பெண் ஒப்பித்ததில் அந்தக் கேள்வி இல்லை போல. "தெரியலக்கா" என்றாள் நல்லபடியாகவே. சிரித்தாள். ஆவுடையும் சிரித்துவைத்தாள். மதினி கூப்பிடவில்லை. இடுப்பில் செருகியிருந்த பட்டன் போனைத் தொட்டுப் பார்த்தாள், அது அவள் உடம்புச் சூட்டிலேயே சூடாக இருந்தது. கூப்பிடவில்லை என்றால் நல்லாத்தான் இருக்கிறான். அல்லது மதினிக்குப் போனை எடுக்கக்கூடக் கை ஒழியாத மாதிரி அழுகிறான். அல்லது தொண்டையில் சோறு அடைத்து… சீ, என்ன நினைப்பு இது. பருப்பை மசித்துத்தான் கொடுப்பாள், மதினிக்குத் தெரியாததா? தொட்டிலில் போட்டு ஆட்டும்போது கயிறு? கயிற்றைப் போன மாதம்தான் மாற்றியது. வாளித் தண்ணீர்? வாளியைக் கவிழ்த்துவிட்டு வந்தாளா? கவிழ்த்தாள். கவிழ்த்த சத்தம் நினைவிருக்கிறது. அது இன்றைக்குக் கேட்ட சத்தமா நேற்றுக் கேட்ட சத்தமா?

இரண்டாவது அறையில் ஒரு பெரிய படம் இருந்தது. கறுப்புக்கு நடுவில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு ஆள் மிதந்தான், அவன் வயிற்றிலிருந்து ஒரு நீளக் குழாய் வளைந்து வளைந்து கப்பலுக்குப் போனது. "இந்தக் குழாய் வழியாத்தான் அவருக்குக் காத்து வரும்" என்றாள் நீலக் கோட்டுப் பெண். "எம்மா, ராசா பொறந்தப்போ வயித்துல தொங்குச்சே, அது மாதிரி!" என்று கோமதிஸ்ரீ எல்லோருக்கும் கேட்கக் கத்தினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆல்வின் என்கிற பையன், "டீச்சர், அவரு ஒண்ணுக்கு வந்தா எங்க போவாரு?" என்றான். "ஏலே, நீ வீட்டுக்குப் போற வரைக்கும் வாயத் திறக்காத. அவரு போற எடம் உனக்குத் தெரிஞ்சா நீ அங்கயும் போய்ச் சுவத்துல எழுதி வச்சுட்டு வருவ" என்றார்கள் வயலட் டீச்சர். சிரிப்பு அடங்க நேரமானது. ஆவுடையும் சிரித்தாள், சிரித்தபோது மார் குலுங்கி வலித்தது. பால் கல்லாகக் கட்டியிருந்தது. கக்கம் வரைக்கும் இழுத்தது. பக்கத்தில் ஒரு பலகையில் மேலே போகிறவர்கள் சாப்பிடுகிற பொட்டலங்களை ஆணியடித்து வைத்திருந்தார்கள், கூழ் மாதிரிப் பிதுக்கித் தின்பதாம். எழுத்துக் கூட்டிப் படித்தாள். காலையில் அவனுக்குக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி வைத்துவிட்டு வந்தோமே, அது ஆறி ஆடை படிந்திருக்கும், ஆடை படிந்தால் துப்புவான், மதினியிடம் அதைச் சொல்ல மறந்துவிட்டோம். கூப்பிட்டுச் சொல்லலாம். கூப்பிட்டால் அவன் அழுகிற சத்தம் போனில் வரும். அது கேட்டால் இங்கே நடு அறையில் பொங்கிவிடும். அதனால்தான் கூப்பிடவில்லையா? பிள்ளை என்ன ஆனான் என்பதைவிடச் சேலை நனைவதுதான் பெரிதாகப் போயிற்றா உனக்கு என்று அவள் தன்னையே கேட்டாள். நாலு பேர் பார்ப்பார்கள் என்ற வெட்கம் பெற்ற பிள்ளையைவிடப் பெரிதா?

மூன்றாவது அறையில் வேறு ஒன்றும் இல்லை, காற்றடைத்த ஒரு கறுப்புக் கூடாரம் மட்டும் வீங்கிப்போய்க் கிடந்தது. ஒரு பக்கம் துணிக்குழாய் போல வாசல். அதற்குள் தவழ்ந்துதான் போக வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தவழ்ந்து மறைந்தார்கள். "நீங்களும் போங்க ஆவுடை, உள்ள இருட்டு, பிள்ளைக பயந்துரும்" என்றார்கள் டீச்சர். சேலையைத் தூக்கிச் செருகி, முழங்கால் போட்டு, தலையைக் குனிந்து போனாள். உள்ளே ரப்பர் வாடை, பிள்ளைகளின் வேர்வை வாடை, எங்கோ ஒரு மின்விசிறி காற்றை ஊதுகிற சத்தம். வட்டமாகப் படுக்கச் சொன்னார்கள். கோமதிஸ்ரீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விளக்கு அணைந்தது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான் என்கிற மாதிரி இருட்டு. பிறகு ஒன்று வந்தது. இரண்டு வந்தது. பிறகு பொலபொலவென்று தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் நட்சத்திரம். நீலக் கோட்டுப் பெண்ணின் குரல் எங்கிருந்தோ என்னமோ சொன்னது. இது பக்கத்தில் இருக்கிறது, அது அதைவிடத் தள்ளி, அதற்கும் தள்ளி ஒன்று. எல்லாம் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. சுற்றுவது நட்சத்திரமா தானா என்று தெரியவில்லை. முதுகுக்குக் கீழே தரை இருந்த மாதிரி இல்லை. கை எங்கே, கால் எங்கே? வலி இருந்ததே, வலி எங்கே போயிற்று? பெயர்கூட வேண்டாம் போல இருந்தது. ஆவுடை என்று யாராவது கூப்பிட்டால் திரும்பியிருக்க மாட்டாள். இப்படி ஒரு இடம் இருக்கிறதா? ஒருவருக்கும் ஒன்றும் கொடுக்க வேண்டாத, ஒருவரும் கூப்பிடாத இடம். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. விளக்கு எரிந்தது. பிள்ளைகள் கண்ணைக் கசக்கினார்கள். எழுந்து உட்கார்ந்தபோதுதான், ராசா என்று ஒருவன் இருக்கிறான் என்பது நினைவுக்கு வந்தது. அவனை மறந்திருந்தாள். ஒரு நொடி கண்ணயர்ந்துபோவது மாதிரி இல்லை, சுத்தமாக, அவன் பிறக்கவே இல்லை என்பது மாதிரி மறந்திருந்தாள். அவனுக்குப் பாலை மறக்கடிக்க நாளும் கத்தாழையும் பார்த்துப் பார்த்துச் செய்தது. இவளுக்கு ஒரு இருட்டு போதுமாக இருந்தது. அது கூடப் பரவாயில்லை. அந்த மறதி இனித்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நினைவு வந்த அந்தக் கணத்தில், கோவித்துக்கொண்டு வெளியே நின்ற ஆள் கதவை உதைத்துத் திறந்த மாதிரி, இரண்டு பக்கமும் பால் பீறிட்டுக்கொண்டு வந்தது.

வெளியே தவழ்ந்து வந்ததும் பிள்ளைகளின் பைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். "எல்லாத்தையும் ஏன் நீங்களே சுமக்கீங்க?" என்று டீச்சர் வாங்க வந்தார்கள். "இருக்கட்டும் டீச்சர், இருக்கட்டும்" என்று பின்வாங்கினாள். டீச்சர் ஒருமுறை அவள் கழுத்துக்குக் கீழே பார்த்துவிட்டு, "பாத்ரூம் அந்தப் பக்கம்" என்று மட்டும் சொன்னார்கள். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பனியன் துணியை எடுத்துப் பிழிந்தாள். கத்தாழை வாடையும் பால் வாடையும் கலந்து வந்தது. கோமதிஸ்ரீயின் பாட்டிலுக்குக் கிண்ணம் மாதிரி ஒரு மூடி. அதைக் கழுவி, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, அதில் பீய்ச்சினாள். முதலில் வரவில்லை, கல்லாக நின்றது. அவன் கண்ணை மூடிக்கொண்டு பாயைத் தடவுகிற கையை நினைத்தாள். நினைத்தால் வரும் என்று தெரிந்தே நினைத்தாள். வந்தது. இதற்கும் அவனைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று நினைத்தபோது கண்ணிலிருந்தும் வந்தது. மூடி நிறைந்தது. வாஷ்பேசினில் கவிழ்க்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். நாலு பேர் துப்புகிற இடம். சாக்கடைக்குப் போகும். தாய்ப்பாலை அப்படிக் கொட்டக்கூடாது. மூடியை முந்திக்குள் மறைத்துக்கொண்டு, தளும்பாமல், முற்றத்துக்கு வந்தாள்.

முற்றத்தில் பனை உயரத்துக்கு ஒரு ராக்கெட்டைச் செய்து சிமெண்டுத் தொட்டிக்குள் நட்டு வைத்திருந்தார்கள். சுற்றிலும் அரளிச்செடி. வெயில் செடிகளின் மேல் நேராக இறங்கியது. ஆள் இல்லாத பக்கமாகப் போய் ஒரு அரளியின் அடிமூட்டில் குனிந்தாள். எறும்பு. கறுப்பாக ஒரு சரம், சிமெண்டு விளிம்பிலிருந்து மூட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த செடிக்குப் போனாள். அங்கேயும் அதே சரம்தான் சுற்றி வந்தது. பீய்ச்சின பாலை எறும்பு தின்றால் மாரில் பால் வற்றிப்போகும் என்று சொல்வார்கள். கோமதிஸ்ரீ கைப்பிள்ளையாக இருந்தபோது, பால் கட்டிய நாளில், எறும்பு இல்லாத செடி தேடி அவள் எங்கெல்லாம் அலைந்திருக்கிறாள். இன்றைக்கு வற்றத்தானே வேண்டும்? வற்றத்தானே இத்தனையும்? ஊற்றிவிட வேண்டியதுதான். கை சாயவில்லை. அப்போது இடுப்பில் போன் துடித்தது. மூடியை இடது கையில் பிடித்துக்கொண்டு எடுத்தாள். "மதினி? என்ன மதினி? அழுதானா?" "அழாம பின்ன சிரிப்பானா?" என்றாள் பிரமு மதினி. அவள் குரல் அவள் குரல் மாதிரியே இல்லை. "முழிச்சதுலருந்து ஒரே அழுகை. இப்பந்தான் ஓஞ்சான். கூழ வாங்கித் துப்பிட்டான். பருப்புஞ்சோறு ரெண்டு வாய் தின்னான். மடியிலதான் கெடக்கான்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "ஏட்டி ஆவுடை, என் ரவிக்கையப் பிடிச்சு இழுத்தாண்டி. இங்க என்ன இருக்கு? ஒண்ணுமில்லாத எடத்துல வாய வச்சுத் தேடுதான். தேடிட்டு எம் மூஞ்சியப் பாக்கான். என்னால ஆவாதுட்டி. நாந்தான் எங்கயாவது போயிருன்னு சொன்னேன், இப்பம் நானே சொல்லுதேன். வந்துரு. நல்லாக் கழுவிட்டுக் குடு. கம்பெனிய அடுத்த வருசம் பாப்போம். ஒன்ன யாரு வையப் போறா?"

யாரும் வைய மாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும். டீச்சரிடம் சொன்னால் வெளியே ரோட்டில் பஸ் ஏற்றி விடுவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும் முன்னே அவன் வந்து காலைக் கட்டிக்கொள்வான். இந்தக் கல் கரையும். மதினி அடுப்பில் அவளுக்கென்று வெந்நீர் வைத்திருப்பாள். திங்கட்கிழமை வேன் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும், வேறு யாராவது ஏறிக்கொண்டு போவார்கள். வாய் வரைக்கும் வந்துவிட்டது, இந்தா கெளம்பிட்டேன் மதினி என்று. மாரும் அதைத்தான் சொன்னது, முந்தி மறுபடி நனைந்து கனத்தது. "வேண்டாம் மதினி" என்று சொன்னாள். சொன்னது தன் குரல்தான் என்று அவளுக்கு உடனே தெரியவில்லை. "என்னது?" "இன்னைக்கு வந்து குடுத்தேன்னா, இன்னொரு நாளு மறுபடியும் தேய்க்கணும். அன்னைக்கும் அவன் தொடச்சுட்டு வருவான். எனக்கு அது ஆவாது மதினி. வெளக்கு வச்ச பொறவே வாரேன்." "நெசமாத்தான் சொல்லுதியா?" "திங்கக்கெழம வேன் வரும் மதினி." மதினி திட்டியிருக்கலாம். கல் நெஞ்சுக்காரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சரிட்டி" என்றாள். "நான் பாத்துக்கிடுதேன். நீ வெயில்ல நிக்காத" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

ஆவுடை குனிந்தாள். செடி பார்க்கவில்லை. எறும்புச் சரம் போகிற வழியிலேயே மூடியைச் சாய்த்தாள். காய்ந்த மண் சட்டென்று குடித்துக்கொண்டது, மேலே வெள்ளையாக ஒரு வட்டம் நின்றது. சரம் கலைந்தது. சில எறும்பு மிதந்தது. சில விளிம்பில் நின்று, போவதா வேண்டாமா என்கிற மாதிரி மீசையை ஆட்டியது. பிறகு ஒன்று வாய் வைத்தது. பின்னால் இன்னொன்று வந்தது. பிள்ளைகள் வரிசையாக முற்றத்துக்கு ஓடிவருகிற சத்தம் கேட்டது. ஆல்வின் ராக்கெட்டைச் சுற்றி அவள் பக்கமாகவே ஓடி வந்தான். "இங்கிட்டு வராதல!" என்று ஆவுடை கத்தினாள். அவ்வளவு பெரிய குரலை அவளிடமிருந்து யாரும் கேட்டதில்லை. பையன் அப்படியே நின்றான், கோமதிஸ்ரீ நின்றாள், டீச்சர் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன ஆவுடை, பாம்பா?" "ஒண்ணுமில்ல டீச்சர். எறும்பு." "வாங்க, வேனுக்கு நேரமாச்சு." "இந்தா வாரேன் டீச்சர்" என்றாள். சொல்லிவிட்டு, அந்த ஈர வட்டத்துக்கு முன்னால் இரண்டு காலையும் அகட்டி வைத்து, யாரும் மிதித்துவிடாதபடி, எறும்புகள் தின்று முடிக்கிற வரைக்கும் நகராமல் நின்றாள்.